ஏரி நடுவே ஒரு மெய்ப்பாட்டியல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



'இயற்கையும் கவிதையும்' என்னும் பொருளில் உரையாற்றுமாறு அமைப்பாளர் என்னைப் பணித்தார். இப்பொருளில் நான் இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் பேசி வருகிறேன். அதற்கென ஒரு குறிப்பேடும் உண்டு. தாள் மஞ்சளேறி, ஓரம் நைந்து, மாணவியர் தலைமுறை பலவற்றைக் கண்டது. அதையே கொண்டுவந்து படித்திருந்தால் எனக்கும் எளிது. உங்களுக்கும் நல்ல உறக்கம். ஆயின் 2024-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இயற்கையே என்னை அழைத்து, இரண்டு பகலும் ஓர் இரவும் பாடம் நடத்தியது. அத்தேர்வில் நான் எத்தனை மதிப்பெண் பெற்றேன் என்பதை இங்கு ஒப்புக்கொள்ளலாம் என்று வந்திருக்கிறேன். இக்கதையில் ஓர் ஓடம் வரும், ஊறுகாய் வரும், புயல் வரும், இறுதியில் ஒரு மன்னிப்பும் வரும். இடையில் தேநீர் அருந்த எழுந்து செல்வோர் மன்னிப்புக்கு முன்னதாகத் திரும்பிவிட வேண்டுகிறேன்.

கதையின் தொடக்கம் நம் வட்டத்திலேயே உள்ளது. 2024 சனவரிக் கூட்டத்தில், கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வரும் நம் இளங்கவிஞர் ஒருவர் கவிதை படித்தார். அவர் இன்று இந்த அவையின் பின்வரிசையில்தான் இருக்கிறார். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டா. இடி முழங்கும் இரவில், கடலுக்குப் போன தந்தைக்காக விழித்திருக்கும் ஒரு வீட்டைப் பற்றிய கவிதை அது. வீட்டினுள் தாய் ஒவ்வொரு மின்னலுக்குப் பின்னும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே இருப்பாள். கருத்துரைக்கும் பொறுப்பு அன்று என்னுடையது. நான் மூன்று குற்றங்களைக் கண்டேன்.

முதற் குற்றம், அச்சம். அச்சம் பிறக்கும் களங்கள் நான்கு என்று தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்திருக்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. அவற்றுள் இடியும் இல்லை, மழையும் இல்லை. மழையை நம்பி வாழும் மக்கள் இடிக்கு அஞ்சினார்கள் என்பது மிகை; மரபுக்கும் ஒவ்வாது என்றேன். இரண்டாம் குற்றம், 'அணியம்' என்னும் சொல். படகின் முன்முனையைக் குறிக்கும் அச்சொல்லை அகராதியிலிருந்து பிடுங்கி நட்டிருக்கிறீர்கள், வேர் பிடிக்கவில்லை என்றேன். மூன்றாவது, அந்த எண்ணிக்கை. ஒன்று இரண்டு என்று எண்ணுவது வாய்ப்பாடாகுமே அன்றிக் கவிதையாகாது என்றேன். இக்கடைசி வாக்கியத்துக்கு அவை கைதட்டியது. எனக்கும் அது பிடித்திருந்தது.

"அணியம்னுதான் எங்க வீட்ல சொல்லுவோம் அம்மா" என்று அவர் மெல்லச் சொன்னார். "இருக்கலாம்" என்று கூறி நான் அடுத்த கவிதைக்குப் போய்விட்டேன். பிப்ரவரிக் கூட்டத்துக்கு அவர் வரவில்லை, மார்ச்சிலும் வரவில்லை. பேருந்து கிடைத்திராது என்று எண்ணிக்கொண்டேன். நமக்கு வேண்டிய விளக்கங்களை நாமே செய்துகொள்வதில்தான் நமக்கு எத்துணைப் புலமை!

அவ்வாண்டுக் கோடை விடுமுறையில், கனடாவின் டொராண்டோ நகரில் வாழும் என் கல்லூரி விடுதித் தோழியர் மூவர் என்னை அழைத்தனர். அகத்திணை மாந்தரை இயற்பெயர் சுட்டிக் கூறுதல் மரபன்று. தோழியர் விடயத்தில் நானும் அம்மரபையே பின்பற்றுகிறேன். பெயர் சொன்னால் தொலைபேசியில் சண்டைக்கு வருவார்கள் என்பது வேறு செய்தி. எனவே அவர்கள் படித்த பாடங்களாலேயே அவர்களைக் குறிப்பிடுவேன்: இயற்பியல், தாவரவியல், வணிகவியல். எல்லார்க்கும் வயது நாற்பதைக் கடந்துவிட்டது. முழங்கால்களுக்கு இன்னும் சற்றுக் கூடுதல்.

"நீ இருபது வருசமா காடு, மலை, மழைன்னு பாடம் எடுக்கிறாய். ஒரு நாளாவது காட்டில் படுத்திருக்கிறாயா?" என்று இயற்பியல் கேட்டாள். "இல்லை" என்றேன். அந்த ஒரு சொல்லில் என் விதி எழுதப்பட்டது.

அல்கோன்குவின் பூங்கா என்பது டொராண்டோவிலிருந்து காரில் வடக்கே மூன்று மணி நேரத் தொலைவு. பூங்கா என்றதும் சறுக்குமரமும் சுண்டல் வண்டியும் என் நினைவுக்கு வந்தன. போய்ப் பார்த்தால் அது ஏறத்தாழ 7,600 சதுர கிலோமீட்டர் பரந்த காடு. தமிழ்நாட்டின் எந்த மாவட்டத்தைக் காட்டிலும் பெரியது. 1893-இல் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அக்காட்டில் ஏரிகள் மட்டும் 2,400-க்கும் மேல். நெடுஞ்சாலை தென்பகுதியை மட்டுமே தொட்டுச் செல்கிறது. உட்காட்டுக்குப் போக வேண்டுமாயின் நடக்க வேண்டும். இல்லையேல் துடுப்புப் போட வேண்டும்.

புறப்படும் நாள் காலையில் மூட்டைகளைச் சோதிக்கும் படலம் நடந்தது. உட்காட்டுக்குள் கண்ணாடிப் புட்டியும் தகரக் குவளையும் கொண்டு செல்லல் ஆகாது என்பது அப்பூங்காவின் விதி. நான் ஊரிலிருந்து ஏழு கடல் தாண்டிக் கொண்டுசென்ற ஆவக்காய் ஊறுகாய் கண்ணாடிப் புட்டியில் இருந்தது. வணிகவியல் அதைப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினாள். மாற்றும்போது புட்டியில் ஒட்டியிருந்ததை வழித்துத் தின்றவர்கள் மூவர். மாற்றி முடித்தபின் எஞ்சியிருந்தது பாதி. அடுத்து என் பையிலிருந்து குறுந்தொகை உரைப் பதிப்பு வெளிவந்தது. "இதைத் தூக்கப்போவது யார்?" என்று இயற்பியல் வினவினாள். "நான்தான்" என்றேன். "அப்படியானால் சரி" என்றாள். அவள் முகத்தில் தோன்றிய குறுநகையின் பொருள் எனக்கு நண்பகலில்தான் விளங்கியது.

நாங்கள் ஓடம் இறக்கிய இடத்துக்குக் கனூ ஏரி என்றே பெயர். கனூ என்பது இருமுனையும் கூர்ந்த ஒடுங்கிய ஓடம். அல்கோன்குவின் மக்கள் முதலான அந்நிலத்துத் தொல்குடியினர், பிர்ச்சு மரத்தின் பட்டையை உரித்து, தேவதாரு வகை மரத்தால் விலாச்சட்டம் அமைத்து, ஸ்புரூஸ் மரத்தின் வேர்களால் தைத்து, மரப்பிசின் பூசி இதனைச் செய்தனர். எங்களுடையது வாடகைக்கு எடுத்தது. கெவ்லார் இழையால் ஆனது. எடை 20 கிலோ அளவே. அதாவது, அதில் ஏறும் தமிழ் விரிவுரையாளர் சற்றே அசைந்தாலும் ஓடம் உடனே தன் கருத்தைத் தெரிவித்துவிடும்.

ஓடங்கள் இரண்டு, ஓடத்துக்கு இருவர். பின்முனையில் இருப்பவர் திசை செலுத்துவார். முன்முனையில் இருப்பவர் துடுப்பு வலிப்பார். என்னை முன்முனையில் அமர்த்தினர். பின்னாலிருந்து இயற்பியல் ஆணையிட்டாள்: "வலப்பக்கம் போடு! இடப்பக்கம்! நிறுத்து! ஆழமாப் போடுடீ, தண்ணியைத் தடவிக் கொடுக்காதே!" ஆணையிட்டே பழகியவள் நான். எனக்குப் பின்னால் அமர்ந்து, நான் முகம் காணாத ஒருத்தி எனக்கு ஆணையிடுவது அதுவே முதன்முறை. திரும்பிப் பார்த்தால் ஓடம் ஆடும். பதில் சொன்னால் துடுப்புத் தவறும். தம் இறைக்கு அஞ்சுதல் என்பதன் பொருள் தெளிவாயிற்று. தொல்காப்பியர் சொன்ன நான்கில் ஒன்று அங்கேயே நிறைவேறியது.

ஏரியின் நடுப்பகுதியை அடைந்தபோது, கரையில் ஒரு மேட்டைத் தாவரவியல் சுட்டிக்காட்டினாள். "டாம் தாம்சனுடைய நினைவுச்சின்னம் அங்கேதான் இருக்கிறது." தாம்சன் கனடாவின் புகழ்பெற்ற ஓவியர். இக்காட்டின் மரங்களையும் காற்றையும் தீட்டியவர். டொராண்டோ ஓவியக்கூடத்தில் அவருடைய 'மேலைக்காற்று' ஓவியத்தை முந்திய வாரந்தான் பார்த்திருந்தேன்; வளைந்த மரமும் நுரைத்த ஏரியும் என்னைச் சற்று நேரம் நிறுத்திவைத்தன. "அவர் எப்படி இறந்தார்?" என்று ஆர்வத்தோடு கேட்டேன். "இதே ஏரியில்தான். 1917 ஜூலை 8. ஓடத்தில் தனியாகப் போனார். ஓடம் கவிழ்ந்து கிடந்தது. எட்டு நாள் கழித்து உடல் கிடைத்தது. நன்றாக ஓடம் செலுத்தத் தெரிந்தவர்." இலக்கியச் செய்திகளைக் கூறுவதற்கு இடமறிதலும் காலமறிதலும் வேண்டும் என்று என் மாணவியர்க்கு நான் ஓயாமல் சொல்வதுண்டு. தாவரவியல் என் மாணவி அல்லள்.

அடுத்த ஏரிக்குச் செல்ல, இடையில் உள்ள தரைவழியில் ஓடத்தையும் மூட்டையையும் சுமந்து நடக்க வேண்டும். முந்நூறு மீட்டருக்கும் சற்றுக் குறைவான தொலைவு. எழுத்தில் அது சிறிய எண்தான். இயற்பியல் ஓடத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தோளில் ஏற்றிக்கொண்டு, தலை மறைந்து கால் மட்டும் தெரியும் ஒரு பெரும் பச்சை வண்டு போல் நடந்தாள். நான் கூடார மூட்டையோடும் குறுந்தொகையோடும் பின்தொடர்ந்தேன். ஜூன் மாதம் அங்கே கருவண்டுக்கொசு போன்ற ஒருவகைக் கடிக்கும் ஈக்களின் காலம். கை இரண்டும் சுமையில். முகம் முழுதும் ஈக்களுக்கு. சங்கப் பாடல்கள் குறுகியவை என்று நானும் எழுதியிருக்கிறேன். அவற்றின் உரைகள் எவ்வளவு கனமானவை என்பதை என் இடத்தோள் அன்றுதான் ஆராய்ந்து கண்டறிந்தது.

ஜோ ஏரியின் கரையில் முகாம். தலைக்கு மேல் காய்ந்த மரமோ முறிந்த கிளையோ இல்லாத இடமாகத் தேடித்தேடி இயற்பியல் கூடாரம் அடிக்கச் செய்தாள். எனக்கு அது வீண் பிடிவாதமாகத் தோன்றியது. காட்டுக்குள் சற்று உள்ளே, நான்கு சுவரும் கூரையும் இல்லாத ஒரு மரப்பெட்டி இருந்தது. அங்கே முகாமிடுவோர் அதற்கு 'இடிப்பெட்டி' என்று பெயர் வைத்திருக்கின்றனர். பெயர்க்காரணத்தை ஆராய வேண்டா. இடி என்ற சொல்லை அக்காட்டில் நான் முதலில் கேட்டது அதன்பொருட்டே என்பதை மட்டும் ஆராய்ச்சிக் குறிப்பாகப் பதிவு செய்கிறேன்.

அந்தி வேளையில் புதரிடையே சலசலப்புக் கேட்டது. கருங்கரடிகள் வாழும் காடு அது என்று எச்சரித்திருந்தார்கள். "கரடி!" என்று நான் கத்திய கத்தலில் ஏரியின் மறுகரை எதிரொலித்தது. புதரை விலக்கிக்கொண்டு வெளிவந்தது, முதுகில் கோடு போட்ட ஒரு சிறு பிராணி. சிப்மங்க் என்று பெயர். நம் ஊர் அணிலுக்குச் சிற்றப்பன் மகன் என்று சொல்லலாம். அது என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு என் மடியருகே இருந்த முந்திரிப் பருப்பைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு ஓடிவிட்டது. விலங்கும் கள்வரும் ஓருருவில் வந்த காட்சி அது.

இரவு கவிந்தபின், ஏரியின் நடுவிலிருந்து ஓர் ஓலம் எழுந்தது. பெண்ணொருத்தி நெடுந்தொலைவில் அழுவது போன்ற ஒலி. சற்று நேரத்தில் அதுவே பித்துற்றவர் சிரிப்பாக மாறியது. என் மயிர்க்கால்கள் குத்திட்டன. "லூன் பறவைடீ. இங்கே ஒரு டாலர் காசிலேயே அதன் படம்தான் இருக்கிறது" என்று தாவரவியல் சிரித்தாள். பறவையாயினும் என்னைப் பொறுத்தவரை அது அணங்கே. ஆக, இறை, விலங்கு, கள்வர், அணங்கு என்று நான்கும் ஒரே நாளில் நிறைவுற்றன. தொல்காப்பியத்தின் முழுமையை வியந்து, உணவுப் பையைக் கரடிக்கு எட்டாத உயரத்தில் மரக்கிளையில் தொங்கவிட்டு, ஓடங்களைக் கவிழ்த்துக் கட்டிவிட்டுப் படுத்தோம். ஓர் ஓடத்தைக் கட்டியவள் நான். இச்செய்தி பின்னர்ப் பயன்படும்.

நள்ளிரவு கடந்து ஒரு மணி இருக்கலாம். காட்டில் ஓசையெல்லாம் திடீரென அவிந்தது. தவளையும் கொசுவும்கூட ஓய்ந்தன. பிறகு மேற்கிலிருந்து ஒரு பேரிரைச்சல் புறப்பட்டு வந்தது. தொடர்வண்டி வருகிறதென்றே நினைத்தேன். காற்று கூடாரத்தை அடித்தபோது, துணி என் முகத்தின்மேல் வந்து படிந்தது.

இயற்பியல் எழுந்தாள். "எழுந்திருங்கடி. பாய்மேல் குந்துங்க. ஆளுக்கு ஒரு மூலை. ஒருத்தி மேல் ஒருத்தி படக்கூடாது." மின்னல் இறங்கினால் ஒருவர் உடலிலிருந்து மற்றவர்க்குப் பாயலாம் என்பதற்காக அப்படி. தோழியரே, கவிஞர்களே, அச்சம் வரும்போது பற்றிக்கொள்ள ஒரு கை வேண்டும். அக்கை இரண்டடித் தொலைவில் இருந்தும் பற்றல் ஆகாது என்று இயற்பியல் விதி தடுத்த இரவு அது.

மின்னல் வெட்டியது. கூடாரத் துணி முழுதும் நீலமாக எரிந்து அணைந்தது. இருளில் அவள் குரல் மட்டும் கேட்டது: "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு." இடி. "இரண்டு கிலோமீட்டர்" என்றாள். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்று வினாடி ஆகும் என்பது கணக்கு. அடுத்த மின்னல். "ஒன்று, இரண்டு, மூன்று." இடி. அவள் தொலைவைச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லார்க்கும் வகுத்தல் தெரிந்திருந்தது. அதற்கடுத்த மின்னலுக்கு அவள் "ஒன்று" என்று முடிப்பதற்குள் நிலம் அதிர்ந்தது.

அந்தக் கணத்தில் கவிதை ஏதேனும் நினைவுக்கு வந்ததா என்று பின்னர்ப் பலர் கேட்டனர். கார்காலத்தை முல்லைத் திணையில் வைத்து இருபது ஆண்டு பாடம் நடத்தியவள். மழை பொழியும் பாடல்கள் நூறாவது மனப்பாடமாக அறிந்தவள். ஓர் அடி வரவில்லை. ஒரு சொல் வரவில்லை. எனக்கு வந்தது ஒன்றே: எண்ணிக்கை. ஒன்று, இரண்டு, மூன்று. அவளோடு சேர்ந்து நானும் வாய்விட்டு எண்ணினேன். எண்ணும்வரை உயிரோடிருக்கிறோம் என்பது பொருள். எண் நீண்டால் நல்லது, குறைந்தால் தீது. வேறு எந்தச் செய்தியும் அவ்விரவில் எங்களுக்குத் தேவைப்படவில்லை. நான்கு மூலையிலிருந்தும் நான்கு குரல்கள் எண்ணின. கை பற்ற முடியாத இடத்தில் குரலால் பற்றிக்கொண்டோம்.

அப்பொழுதுதான் அந்த வீடு என் கண்முன் வந்தது. தந்தை கடலில், இருளில் அமர்ந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் தாய். அவள் எண்ணியது அவளுக்கும் இடிக்கும் இடைப்பட்ட தொலைவை அன்று. தன் கணவனுக்கும் இடிக்கும் இடைப்பட்ட தொலைவை. அதனை வாய்ப்பாடு என்று சொல்லிக் கைதட்டல் வாங்கியவள், ஏரிக்கரையில் குந்தியிருந்து, அதே வாய்ப்பாட்டை ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

அருகில் எங்கோ ஒரு மரம் முறிந்து விழுந்தது. முறியும்போது அது எழுப்பிய ஒலியை வருணிக்க என்னால் இயலாது, முயலவும் மாட்டேன். நெடுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு வணிகவியலின் மூலையிலிருந்து, நடுங்கிய குரலில், "பதினாறு ஒன்று பதினாறு, பதினாறு இரண்டு முப்பத்திரண்டு" என்று உண்மையாகவே வாய்ப்பாடு கிளம்பியது. அவள் அச்சத்துக்கு அதுதான் மருந்தாம். பதினாறு ஏழில் அவள் தடுமாறினாள். "நூற்றுப் பன்னிரண்டு" என்று மூவரும் ஒருசேரக் கத்தினோம். அதன்பின் நாங்கள் சிரித்த சிரிப்பு இடியைக் காட்டிலும் பெரிது. நகை பிறக்கும் களங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு. இளமை நீங்கலாக மற்ற மூன்றும் அக்கூடாரத்தில் குறைவின்றி இருந்தன.

விடிந்து பார்த்தோம். இருபது தப்படி தொலைவில் ஒரு பைன் மரம் இடுப்பில் முறிந்து கிடந்தது. முந்தைய நாள் மாலையில், "இங்கே நிழல் நன்றாக இருக்கிறதே, இங்கேயே கூடாரம் அடிக்கலாமே" என்று நான் சொன்ன இடம் அது. 2022 மே 21 அன்று ஒன்டாரியோவைக் கடந்து சென்ற பெரும்புயலில் பத்துப் பேருக்கு மேல் மாண்டனர்; பலர் உயிரைக் கொண்டவை மரங்களே. அந்நாளைக் கண்டவள் இயற்பியல். அவள் பிடிவாதத்தின் விலை எனக்கு அப்போது தெரிந்தது.

ஓடங்களில் ஒன்று மட்டுமே இருந்தது. மற்றொன்று மறுகரையில் நாணலிடையே மிதந்துகொண்டிருந்தது. யார் கட்டிய ஓடம் என்று யாரும் கேட்கவில்லை. மூவரும் என்னைப் பார்த்தனர், அவ்வளவே. யாப்பு என்றால் கட்டு என்று பொருள். யாப்பிலக்கணம் கற்பிப்பவளுக்கு ஒரு கட்டுக் கட்டத் தெரியவில்லை என்று வணிகவியல் நாள் முழுதும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழிந்த பின்னரே நீரில் இறங்கலாம் என்பது விதி. காத்திருந்து, ஓடிப்போன ஓடத்தை இழுத்துவந்து புறப்பட்டோம். கனூ ஏரியில் எதிர்காற்று. அலைகள் ஓடத்தின் விளிம்புக்கு வந்தன. இருக்கையில் அமர்ந்தால் ஓடம் ஆடும் என்று முழங்காலிட்டு வலித்தோம். பிளாஸ்டிக் புட்டியை வெட்டிச் செய்த சேந்தியால் இடையிடையே நீரை இறைத்தோம். ஒவ்வோர் அலையும் முதலில் என்னிடம் வந்தது. நான் ஏறினேன், நான் இறங்கினேன், என் முகத்தில் அடித்த நீரே பின்னால் இருந்தவளுக்குச் செய்தி. அப்போதுதான் நான் எங்கே இருக்கிறேன் என்பது புரிந்தது. நான் அணியத்தில் இருந்தேன். அந்த இடத்துக்கு வேறு சொல் இல்லை. 'முன்முனை' என்பது கரையில் நிற்பவரின் சொல். அலை அடிக்கும் இடத்தில் இருப்பவருக்கு அது அணியம். அகராதியில் உறங்குகிறது என்று நான் நினைத்த சொல், நம் கடற்கரையில் நாள்தோறும் நனைந்துகொண்டிருக்கிறது.

குறுந்தொகை முழுவதும் நனைந்துவிட்டது. இயற்பியலின் வீட்டில் ஒரு வாரம் வெயிலில் உலர்த்தினோம்.

ஊர் திரும்பியதும் முதலில் செய்த வேலை, தொல்காப்பியத்தை எடுத்தது. என் அனுபவம் நூலுக்கு மாறாக இருக்கிறதே, நூலாசிரியரிடமே கேட்போம் என்று மெய்ப்பாட்டியலைப் பிரித்தேன். பேராசிரியர் உரையைப் படித்தேன். அணங்கு என்பதற்கு விளக்கம் கூறும் பேராசிரியர், பேய், பூதம், பாம்பு முதலியவற்றை அடுக்கிக்கொண்டே போய், இடியோசை முதலானவற்றையும் அதனுள் அடக்குகிறார்! இடி நூலுக்குப் புறம்பானது அன்று. அணங்கு என்ற சொல்லுக்குள் அது எப்போதும் இருந்திருக்கிறது. நான் முனைவர் பட்டம் பெறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே உரையாசிரியர் எழுதி வைத்துவிட்டார். இதனினும் பெரிய இடி ஒன்று அப்பக்கத்தில் காத்திருந்தது. இடியைக் குறிக்கும் அச்சொல்லின் அடியில் பென்சிலால் ஒரு கோடு இருந்தது. நான் முதுகலை படித்த நாளில் என் கையால் போட்ட கோடு.

அன்பர்களே, அறியாமை மன்னிக்கத்தக்கது. அறிந்ததைத் தேர்வுக்காக அடிக்கோடிட்டு, தேர்வு முடிந்ததும் மறந்துவிட்டு, மறந்ததன் பாதியை வைத்துப் பிறரை அளப்பது மன்னிக்கத்தக்கதா என்று எனக்குத் தெரியவில்லை. நூல் அக்கவிஞரின் பக்கம் இருந்தது. நான்தான் நூலின் பக்கம் இல்லை.

அவரைத் தேடிச் சென்றேன். பேருந்து அரைமணிக்கு ஒன்று இருக்கிறது. முன்பு நான் செய்துகொண்ட விளக்கம் பொய் என்பது பேருந்து நிலையத்திலேயே தெரிந்துவிட்டது. அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, மூன்று குற்றச்சாட்டுகளையும் ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற்றேன். அவருடைய தாயார் உள்ளிருந்து தேநீர் கொண்டுவந்து வைத்து, நான் எண்ணிய கதையைக் கேட்டுவிட்டு, "பன்னெண்டுக்கு மேல போனா நான் படுத்துருவேன்" என்றார். நான்கு கிலோமீட்டர்! இயற்பியல் படிக்காமல் கிடைத்த கணக்கு.

கவிஞர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "அந்த மூணும் தப்பில்லைன்னு எனக்குத் தெரியும் அம்மா. ஆனா கடைசி வரி சரியா அமையலைன்னும் தெரியும். அதை நீங்க சொல்லுவீங்கன்னுதான் அன்னைக்கு அவ்வளவு தூரம் வந்தேன். நீங்க அதை விட்டுட்டீங்க" என்றார்.

இதைக் காட்டிலும் கூர்மையான திறனாய்வை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. குற்றமில்லாத மூன்று இடங்களில் குற்றம் கண்டேன். குற்றமிருந்த ஓரிடத்தைக் காணாமல் விட்டேன். வந்தவர் கேட்டது பாராட்டும் அன்று, மரபும் அன்று. ஓர் அடியைச் சரிசெய்ய ஒரு துணை. அன்று மாலை திண்ணையிலேயே அவ்வடியைப் பற்றி இருவரும் ஒன்றரை மணி நேரம் பேசினோம். நான் கூறிய திருத்தங்கள் எதையும் அவர் ஏற்கவில்லை. ஆயின் அடுத்த மாதம் வேறோர் அடியோடு கூட்டத்துக்கு வந்தார். அக்கவிதை இம்மலரில் இடம்பெற்றுள்ளது. அதில் அச்சமும் உண்டு, அணியமும் உண்டு, எண்ணிக்கையும் உண்டு.

பத்தாண்டுகளுக்கு முன் பதினொருவர் கூடித் தொடங்கிய வட்டம் இது. எத்தனையோ கவிதைகளைக் கேட்டிருக்கிறோம்; எத்தனையோ பேர் ஒருமுறை படித்துவிட்டு வராமல் போயிருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் பேருந்து கிடைக்காமல் போயிற்று என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அமைப்பாளர் அவர்கள் பழைய வருகைப் பதிவேடுகளை எடுத்து, அத்தகையோர் பெயர்களைத் தொகுத்தால், ஆளுக்கு இருவராகப் பிரித்துக்கொண்டு வீடு தேடிச் செல்லலாம் என்பது என் வேண்டுகோள். முதல் இரண்டு பெயர்களை எனக்குத் தர வேண்டும். அவர்களிடமும் நான் ஏதோ சொல்லியிருக்கிறேன், என்ன சொன்னேன் என்பது எனக்கு நினைவில்லை, அவர்களுக்கு நினைவிருக்கும்.

நிறைவாக ஒன்று. அடுத்த கோடையில் இன்னும் பெரிய ஏரிக்குப் போகலாம் என்று இயற்பியல் கடிதம் எழுதியிருக்கிறாள். ஒரு நிபந்தனையும் விதித்திருக்கிறாள்: ஓடத்தை நான் கட்டக்கூடாது, ஊறுகாயை நான்தான் கொண்டுவர வேண்டும்.